பெயரில்லாத் தொழிலைத் தேடியவர்கள்

பட்டம் பெற்ற பின் யாது செய்வது என்னும் வினா ஒவ்வொரு தலைமுறை மாணவரையும் எதிர்நோக்கி நிற்பதாகும். வினா பழையது, விடைகள்தாம் காலந்தோறும் மாறி வந்திருக்கின்றன. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னை மாகாணத்தில் பி.ஏ. பட்டம் பெற்ற ஓர் இளைஞனுக்குப் பெரியோர் காட்டிய வழிகள் மிகச் சிலவே. சட்டம் பயின்று வழக்கறிஞனாகலாம், ரெவினியூ இலாகாவில் எழுத்தனாக அமர்ந்து படிப்படியாக உயரலாம், பள்ளியில் ஆசிரியனாகலாம். மருத்துவமும் பொறியியலும் பயில வசதி படைத்தோர் அத்துறைகளிற் புகலாம். இவ்வழிகளுக்கு அப்பால் ஒன்றை அவன் நாடினால், "அந்த உத்தியோகத்துக்குப் பெயர் என்ன?" என்று வீட்டார் கேட்பர். பெயர் சொல்ல இயலாத தொழில் தொழிலே அன்று என்பது அக்காலத்தார் எண்ணம். இக்காலத்தாரும் அவ்வெண்ணத்தை முற்றும் கைவிட்டாரில்லை.

ஆனால் வரலாறு வேறொன்றைக் கூறுகிறது. இன்று தேர்வும் சம்பளமும் ஓய்வூதியமும் உடையனவாய் விளங்கும் தொழில்கள் பலவும் ஒரு காலத்திற் பெயரற்றுக் கிடந்தவையே. அவற்றுள் ஒன்று ஒலிபரப்புத் தொழில். செய்தியையும் இசையையும் கல்வியையும் காற்றின் வழியே மக்களிடம் கொண்டு சேர்க்கும் இத்தொழில், சென்னை நகரில் எவ்வாறு தோன்றியது, அதற்குள் யார் யார் எவ்வெத்துறையிலிருந்து வந்து புகுந்தனர் என்பதை எண்ணிப் பார்த்தால், பட்டத்துக்கும் தொழிலுக்கும் உள்ள உறவு நமக்குத் தெளிவாக விளங்கும்.

சென்னையின் மேற்குப் புறத்தில், அம்பத்தூரை அடுத்த மேனாம்பேட்டில் வாழும் மாணவர்களுக்கு இவ்வரலாறு தொலைவிலுள்ளது அன்று. அதே மேற்குப் புறத்திலுள்ள ஆவடியிலேதான் சென்னை வானொலியின் ஆற்றல் மிக்க ஒலிபரப்பிகள் நிறுவப்பட்டன. பேசுவோரும் பாடுவோரும் கடற்கரையோரத்து நிலையத்தில் இருக்க, ஒலிபரப்பியை மட்டும் இவ்வளவு தள்ளி வைப்பானேன் என்று கேட்கலாம். மத்திய அலையை வெளியிடும் கம்பம் மிக உயரமானதாக இருத்தல் வேண்டும். அதன் அடியைச் சுற்றி, சக்கரத்தின் ஆரக்கால்களைப்போலச் செப்புக் கம்பிகளை மண்ணுக்குள் நெடுந்தூரம் பரப்புதல் வேண்டும். இதற்கு விரிந்த வெற்று நிலம் தேவை. நெருங்கிய நகரத்தில் அது கிடைப்பது அரிது. ஆதலின் குரல் ஓரிடத்திலும், அக்குரலை அலையாக்கும் கருவி வேறோரிடத்திலுமாக அமைகின்றன. இவ்வேற்பாடு இன்று நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நகரில் குரலும் இல்லை, கருவியும் இல்லை; அவற்றை இயக்குவது ஒரு பிழைப்பு என்று எண்ணியவரும் இல்லை.

உலகின் பிற பகுதிகளிலும் அது புதுமையாகவே இருந்தது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1920 ஆம் ஆண்டு நவம்பர் 2 ஆம் நாள், அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலின் முடிவுகள் வானொலியில் அறிவிக்கப்பட்டன. இலண்டனிலிருந்து பி.பி.சி.யின் ஒலிபரப்பு 1922 ஆம் ஆண்டு நவம்பர் 14 ஆம் நாள் தொடங்கிற்று. இங்கிலாந்தில் மான்செஸ்டரில் பொறியியல் கற்றுத் தாயகம் திரும்பியவர் சென்னையைச் சேர்ந்த சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார். பொறியியல் கற்றவருக்கு அந்நாளில் மின்சாரம், இரயில், மராமத்து ஆகிய இலாகாக்கள் காத்திருந்தன. அவரோ, திரும்பி வருகையில் ஒலிபரப்பும் கருவிக்கும் ஏற்கும் கருவிக்கும் வேண்டிய உறுப்புக்களைத் தம்முடன் கொணர்ந்தார். அவற்றைப் பொருத்திச் சோதனைகள் செய்து பார்த்தார். ஒத்த ஆர்வமுடைய நண்பர்களைச் சேர்த்துக்கொண்டார். 1924 ஆம் ஆண்டு மே 16 ஆம் நாள் சென்னை மாகாண ரேடியோ சங்கம் உருவாயிற்று. அவ்வாண்டு ஜூலை 31 ஆம் நாள் அதன் ஒலிபரப்பு தொடங்கிற்று. பி.பி.சி.யின் முதற்குரல் எழுந்து இரண்டாண்டுகள் நிறைவதற்கு முன்பே சென்னையிலும் குரல் எழுந்துவிட்டது என்பதை நாம் கருதல் வேண்டும்.

அச்சங்கத்தின் முதல் ஒலிபரப்பியின் ஆற்றல் 40 வாட் மட்டுமே. வீட்டில் எரியும் பழைய மின்விளக்கு ஒன்றின் ஆற்றலுக்கு அது நிகர். பின்னர் 200 வாட் ஆற்றலுடைய கருவி அமைந்தது. நாள்தோறும் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் இசையும் பேச்சும் பரப்பப்பட்டன. அக்காலத்துப் படிகப் பெட்டி மிக எளியது. கம்பிச் சுருள் ஒன்று; கலீனா என்னும் ஈயத் தாதுக்கல் ஒன்று; அக்கல்லைத் தொடும் மெல்லிய கம்பி; காதில் மாட்டிக்கொள்ளும் ஒலிக் குவளை. மின்கலமும் வேண்டுவதில்லை, வானில் வரும் அலையின் ஆற்றலே காதில் ஒலியாக மாறும். ஆனால் கல்லின் எந்தப் புள்ளியைத் தொட்டால் ஒலி கேட்கும் என்பதைக் கேட்பவரே தேடிக் கண்டுபிடித்தல் வேண்டும். ஒருவர் காதில் மாட்டினால் மற்றவர் கேட்க இயலாது. வால்வுகள் பொருத்திய பெட்டிகள் பலர் கேட்க உதவின. எனினும் அவற்றின் விலை எளியோர்க்கு எட்டாதது.

இங்கேதான் அம்முயற்சியின் பெருமையும் குறையும் ஒருங்கே புலப்படுகின்றன. கருவியை வாங்க வல்லவரே அதனைக் கேட்டனர். கேட்போர் தொகை சிறிது. ஆதலின் வருவாயும் சிறிது. சங்கத்தை நடத்தப் போதிய பணம் இல்லை. 1927 ஆம் ஆண்டு அக்டோபரில் அதன் ஒலிபரப்பு நின்றுபோயிற்று. அதே ஆண்டில்தான் இந்திய ஒலிபரப்புக் கம்பெனி என்னும் தனியார் நிறுவனம் பம்பாயில் ஜூலை 23 ஆம் நாளும் கல்கத்தாவில் ஆகஸ்டு 26 ஆம் நாளும் நிலையங்களைத் திறந்தது. பெருமுதலோடு தொடங்கிய அக்கம்பெனியும் மூன்றாண்டுகள் தாக்குப் பிடிக்கவில்லை. 1930 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கலைக்கப்பட்டது. சென்னைச் சங்கத்தார் தம் திறமைக் குறைவால் தோற்றார் அல்லர் என்பதற்கு இதுவே சான்று. தொழில் பிறந்துவிட்டது, அதனைத் தாங்கும் சமுதாய ஏற்பாடு இன்னும் பிறக்கவில்லை.

மூன்றாண்டுகளில் மூடப்பட்ட ஒன்றைத் தோல்வி என்று எழுதிவிட்டு அப்பாற் செல்வது எளிது. ஆயின் சங்கத்தார் தம் ஒலிபரப்பியை விற்றுப் பணத்தைப் பங்கிட்டுக் கொள்ளவில்லை. அதனைச் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தனர். 1930 ஆம் ஆண்டு ஏப்ரல் 1 ஆம் நாள் மாநகராட்சி தன் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. இசை நிகழ்ச்சிகளோடு பள்ளி மாணவர்க்கு உரிய பாடங்களும் கதைகளும் பரப்பப்பட்டன. மாநகராட்சிப் பள்ளிகளில் வானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. பூங்காக்களிலும் மெரினாக் கடற்கரையிலும் ஒலிபெருக்கிகள் அமைந்தன. மாலையில் காற்று வாங்க வந்த கைவண்டிக்காரரும், பெட்டி வாங்க வழியில்லாத குமாஸ்தாவும் ஒருங்கு அமர்ந்து கச்சேரி கேட்க இயன்றது. சங்கத்தின் காலத்தில் வசதியுடையோரின் பொழுதுபோக்காக இருந்தது, மாநகராட்சியின் காலத்தில் பொதுச் சொத்தாயிற்று. செய்தித் தொடர்புத் தொழிலின் அளவுகோல், பேசுவோனுக்குக் கிடைக்கும் புகழன்று. கேட்போர் எத்தகையர், எத்துணையர் என்பதே. இவ்வுண்மையை நம் நகரம் 1930 ஆம் ஆண்டிலேயே கண்டது.

நாடு முழுதும் பரவிய அமைப்பு இதன் பின்னரே உருவாயிற்று. பி.பி.சி.யிலிருந்து வந்த லயனல் ஃபீல்டன் 1935 ஆம் ஆண்டில் இந்திய ஒலிபரப்பின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1936 ஆம் ஆண்டு ஜூன் 8 ஆம் நாள் இவ்வமைப்பு ஆல் இந்தியா ரேடியோ என்னும் பெயரைப் பெற்றது. சென்னை நிலையம் 1938 ஆம் ஆண்டு ஜூன் 16 ஆம் நாளும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 ஆம் ஆண்டு மே 16 ஆம் நாளும் திறக்கப்பட்டன. மாநகராட்சியின் பணி அகில இந்திய அமைப்பின் பணியாக மாறியது.

நிலையங்கள் திறந்தாயிற்று, அவற்றில் அமர்த்துவதற்கு ஆட்கள் எங்கே? ஒலிபரப்பில் பட்டம் பெற்றவர் எவரும் இந்தியாவில் இல்லை. அப்பாடத்தைக் கற்பிக்கும் கல்லூரியும் இல்லை. பத்திரிகைத் தொழிலுக்கே சென்னைப் பல்கலைக்கழகம் 1947 ஆம் ஆண்டில்தான் பாடம் ஏற்படுத்திற்று. இந்திய மக்கள் தொடர்புக் கழகம் புது தில்லியில் தோன்றியதோ 1965 ஆம் ஆண்டில். தொழில் முன்னே செல்ல, அதனைக் கற்பிக்கும் கல்விக்கூடம் பின்னே வந்தது. இடைப்பட்ட காலத்தில் வந்தவர் அனைவரும் வேறு துறைகளிலிருந்தே வந்தனர். லாகூர் அரசினர் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த அகமது ஷா புகாரி வானொலியில் சேர்ந்து, ஃபீல்டனுக்குப் பின் அதன் தலைவரானார். தமிழகத்திலோ எழுத்தாளர் பலர் இத்தொழிலை நாடினர். மணிக்கொடிக் குழுவைச் சேர்ந்த சிட்டி என்னும் பெ. கோ. சுந்தரராஜன், மீ. ப. சோமு, சுகி சுப்பிரமணியம் ஆகியோர் வானொலியிற் பணிபுரிந்தவர்களே.

இவர்கள் எதிர்கொண்ட இடர்ப்பாடு கருவியைப் பற்றியதன்று, மொழியைப் பற்றியது. தமிழில் மேடைப் பேச்சு வளர்ந்திருந்தது, கதாகாலட்சேபம் வளர்ந்திருந்தது, புத்தகத் தமிழும் பத்திரிகைத் தமிழும் இருந்தன. ஒலிவாங்கிக்கு உரிய தமிழ் இல்லை. மேடையில் நிற்பவன் ஆயிரம் முகங்களைக் காண்கிறான். அவை சலித்தால் கதை சொல்லி எழுப்புகிறான். வானொலியிற் பேசுவோன் எந்த முகத்தையும் காண்பதில்லை. கேட்பவனோ ஆயிரவரில் ஒருவனாக இல்லை. தன் வீட்டுத் திண்ணையில் தனியே இருக்கிறான். அவனிடம் முழங்கினால் அவன் பெட்டியை மூடிவிடுவான். புத்தகத்தில் ஒரு வாக்கியம் விளங்காவிடில் ஏட்டைப் பின்னோக்கிப் புரட்டலாம். காற்றிற் போன சொல்லைப் புரட்ட இயலாது. ஆதலின் வாக்கியத்தின் எழுவாய் பயனிலையைத் தேடி அலையலாகாது. பெயரும் எண்ணும் கேட்டவுடன் மனத்திற் பதிய வேண்டும். இவையனைத்தும் கடிகாரத்தின் முள்ளுக்கு அடங்கியும் நடத்தல் வேண்டும். இவ்விதிகளை எழுதி வைத்த நூல் அன்று தமிழில் இல்லை. நாள்தோறும் பேசியும், பிழைத்தும், திருத்தியுமே அவற்றைக் கண்டறிய வேண்டியிருந்தது.

அந்நூலை எழுதியவர் யாழ்ப்பாணத்துச் சோ. சிவபாதசுந்தரம். 1912 ஆம் ஆண்டிற் பிறந்த இவர் முதலில் பத்திரிகையாளர். ஈழகேசரி என்னும் வார இதழின் ஆசிரியராக இருந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இலங்கை வானொலியிற் சேர்ந்தார். பின்னர் இலண்டனுக்குச் சென்று பி.பி.சி.யின் தமிழ்ப் பகுதியிற் பணியாற்றினார். 1941 ஆம் ஆண்டு மே மாதத்தில் செய்தி மடல் என்ற அளவில் தொடங்கிய அத்தமிழ் ஒலிபரப்புக்குத் தமிழோசை என்னும் பெயரைச் சூட்டியவர் இவரே. தேம்ஸ் நதிக்கரையிலிருந்து தமிழ் நிலத்துக்குப் பேசிய அந்நிகழ்ச்சி பல பத்தாண்டுகள் அப்பெயராலேயே அறியப்பட்டது.

தாம் கற்றதைச் சிவபாதசுந்தரம் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. 1954 ஆம் ஆண்டில் ஒலிபரப்புக் கலை என்னும் நூலாக அதனை வெளியிட்டார். சென்னையில் ரேடியோ சங்கம் குரல் எழுப்பிய ஆண்டு 1924. அத்தொழிலை விளக்கும் தமிழ் நூல் வந்த ஆண்டு 1954. இடையே முப்பது ஆண்டுகள். அம்முப்பது ஆண்டுகளும் பாடநூல் இன்றி உழைத்தோரின் காலம். அவர்களுட் பின்வந்த ஒருவர் ஏட்டில் எழுதிய பின்னரே, அடுத்த தலைமுறை இளைஞனுக்கு அது கற்றுக்கொள்ளத் தக்க ஒரு கலையாயிற்று. பிற்காலத்திற் சென்னையில் தங்கிய இவரும் சிட்டியும் இணைந்து, தமிழ் நாவலின் நூறாண்டு வரலாற்றை 1977 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டனர். வானொலியிற் பழகிய இருவர் இலக்கிய வரலாற்றுக்கும் ஆசிரியராயினர் என்பது எண்ணத்தக்கது.

மற்றொருவரையும் இங்குக் குறிப்பிடல் தகும். கும்பகோணம் கல்லூரியில் பி.ஏ. பயின்ற தி. ஜானகிராமன், பட்டம் பெற்ற பின்னர்ப் பத்தாண்டுகளுக்கு மேல் பள்ளி ஆசிரியராக இருந்தார். அதன் பிறகு அவர் புகுந்தது வானொலியின் கல்வி ஒலிபரப்பு. மோகமுள் ஆசிரியராக உலகம் அவரை அறியும். பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒலிபரப்பில் அவர் உழைத்த உழைப்பை அறிந்தவர் குறைவு. கரும்பலகையின் முன் நின்று கற்ற ஒன்று, கரும்பலகையே இல்லாத இடத்தில் அவருக்கு உதவிற்று. ஒரு சிறுவன் எந்த இடத்திற் கவனம் இழப்பான், எந்த இடத்தில் வாய்விட்டுச் சிரிப்பான் என்பது வகுப்பில் நின்றவனுக்கே தெரியும். 1930 ஆம் ஆண்டில் மாநகராட்சி தொடங்கிய பள்ளி ஒலிபரப்பின் மரபு, இத்தகையோர் கையில் வளர்ந்தது.

மாணவ நேயர்களே! இம்மூவரையும் ஒருங்கு வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். கிருஷ்ணசாமி செட்டியார் தம் பொறியியலைத் துறந்துவிட்டு ஒலிபரப்புக்கு வரவில்லை. பொறியியலையே அங்குக் கொண்டு வந்தார். சிவபாதசுந்தரம் பத்திரிகை ஆசிரியரின் தெளிவைக் கொண்டு வந்தார். ஜானகிராமன் ஆசிரியரின் பொறுமையைக் கொண்டு வந்தார். பழைய கல்வி ஒன்று புதிய கருவி ஒன்றைச் சந்திக்கும் இடத்திலேதான் புதிய தொழில் பிறக்கிறது. "என் பட்டத்துக்கு எந்த உத்தியோகம் கிடைக்கும்?" என்று மட்டும் கேட்பவன், முன்னரே பெயர் பெற்ற தொழில்களின் பட்டியலைத்தான் காண்பான். "இப்புதிய கருவிக்கு யான் கற்றது எவ்வகையில் உதவும்?" என்று கேட்பவனுக்கே பட்டியலில் இல்லாத வழி தென்படும்.

இதனைக் கேட்டு, உள்ள வேலையை உதறிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு குதிக்க வேண்டும் என்று எவரும் கொள்ளலாகாது. வரலாறு அவ்வாறு கூறவில்லை. சென்னைச் சங்கம் மூன்றாண்டுகளில் மூடப்பட்டது என்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே. ஆர்வம் இருந்த இடத்திற் பணம் இல்லை. சிவபாதசுந்தரம் பத்திரிகையில் தம் எழுத்தைப் பழக்கிய பின்னரே வானொலிக்கு வந்தார். ஜானகிராமன் பத்தாண்டுகள் வகுப்பில் நின்ற பின்னரே வந்தார். கையில் ஒரு தொழிலின் தேர்ச்சி இருந்தமையால்தான் மற்றொரு தொழிலுக்கு அவர்கள் கடந்து செல்ல இயன்றது. துணிவு வேண்டும், துணிவுக்கு அடியில் தேர்ச்சியும் வேண்டும்.

அம்பத்தூர் வட்டாரம் இதற்கு ஒவ்வாத இடம் என்று மேனாம்பேட்டு இளைஞர் எண்ண வேண்டுவதில்லை. 1949 ஆம் ஆண்டில் மிதிவண்டித் தொழிற்சாலையும், 1964 ஆம் ஆண்டில் தொழிற்பேட்டையும் தோன்றிய பின்னர், ஏரியும் வயலுமாக இருந்த இப்பகுதி இயந்திர வேலைக்குப் பெயர் பெற்றது. பட்டறைக்குச் செல்வதே இங்குள்ளோர்க்குத் தெரிந்த வழி என்று பலர் கருதுவர். ஆனால் சென்னையில் ஒலிபரப்பு பிறந்ததே இயந்திரம் அறிந்த ஒருவரின் கையால் அன்றோ! கருவியின் உள்ளுறுப்பை அறிந்தவனுக்கு அக்கருவியின் வழியே என்ன பேசலாம் என்னும் எண்ணம் தோன்றுதல் இயல்பு. பொறியியல் கற்பிக்கும் அண்ணா பல்கலைக்கழகமே 2004 ஆம் ஆண்டு பிப்ரவரி 1 ஆம் நாள் தன் வளாகத்தில் சமுதாய வானொலி ஒன்றைத் தொடங்கிற்று. இந்தியாவிற் கல்வி வளாகம் ஒன்றில் தோன்றிய முதற் சமுதாய வானொலி அதுவே. 1924 ஆம் ஆண்டில் தனி மனிதர் சிலர் கூடித் தம் பணத்தைச் செலவிட்டு முயன்றதை, எண்பது ஆண்டுகள் கழித்து ஒரு பல்கலைக்கழகம் மாணவரையும் அக்கம்பக்கத்து மக்களையும் சேர்த்துக்கொண்டு செய்தது.

இனி வரும் கருவிகள் எவையாயினும், அவற்றின் வழியே செய்தி சேர்க்கும் தொழிலுக்கு இரண்டு வினாக்கள் என்றும் மாறாதிருக்கும். சொல்வது உண்மையும் தெளிவும் உடையதா? அது யாரைச் சென்று அடைகிறது? காதிற் குவளை மாட்டிய ஒருவரை மட்டும் அடைந்த ஒலி, கடற்கரை மணலில் அமர்ந்த எளியோரையும் அடைந்த நாளில்தான் நம் நகரத்தில் ஒலிபரப்பு தன் பயனை எய்திற்று. அந்நாளைத் தமக்குத் தெரியாமலே ஆயத்தம் செய்தவர்கள், தாம் செய்த பணிக்குப் பெயரையும் அறியாதவர்கள். பெயரைப் பின்வந்தோர் இட்டனர். பணியை முன்சென்றோர் செய்தனர்.